அப்பாவின் யெஸ்டி

பல வீடுகளில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். மேலே கோணி போர்த்தியிருக்கும். சீட்டில் கோழி ஏறி உட்காரும். "அது அப்பா ஓட்டின வண்டி" என்று சொல்வோம். விற்க மனம் வராது. ஓட்டவும் முடியாது.

அந்த வண்டியைச் சரிசெய்து ஓட்டலாமா? ஓட்டலாம். ஆனால், வேலையை எங்கே தொடங்குவது என்பதுதான் முக்கியம். சிலர் பெயிண்ட் அடிப்பதில் தொடங்குவார்கள். சிலர் நேராக இன்ஜினில் கை வைப்பார்கள். சரியான வரிசை இதுதான்:

1. தாள்
2. வண்டியை நிறுத்துவது
3. வண்டியைக் கிளப்புவது
4. அழகு செய்வது

யெஸ்டி வண்டியை எடுத்துக்காட்டாக வைத்து இதைப் படிப்போம்.

யெஸ்டி என்பது என்ன?

மைசூரில் ஐடியல் ஜாவா என்ற தொழிற்சாலை இருந்தது. செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவா மோட்டார் சைக்கிளை அங்கே 1961 முதல் செய்தார்கள். 1970களில் வண்டிக்கு யெஸ்டி என்று பெயர் வைத்தார்கள். தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. 2022இல் யெஸ்டி என்ற பெயரில் புதிய வண்டிகள் வந்தன. அவற்றின் இன்ஜின் வேறு வகை.

பழைய யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர். நிமிர்த்தினால் கிக்கர். மடக்கினால் கியர். இன்ஜின் டூ ஸ்ட்ரோக் வகை. அதனால், பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் இல்லாத பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் சூடாகி இறுகிவிடும்.

தங்கவயலில் ஒரு வீடு

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. இப்போது பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அப்படி ஒரு வீட்டில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு 20 வயது. அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஸ்டேஷனுக்கு இருட்டில் நடந்து போக வேண்டும். வீட்டில் அப்பாவின் யெஸ்டி இருந்தது. 1988இல் வாங்கியது. அப்பா 2021இல் இறந்துவிட்டார். அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

ஒரு நாள் காயலான் கடைக்காரர் வந்தார்.

"இது இனிமே ஓடாதும்மா. எடைக்குப் போடுங்க. இந்த பாரத்துல ஒரு கையெழுத்து போட்டா போதும். மீதியை நான் எழுதிக்கிறேன்" என்றார்.

அம்மா படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவர் எழுதப் படிக்கக் கற்று இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. தொகை எழுதும் இடமும் காலி.

"ஒண்ணும் எழுதாத தாள்ல நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றார்.

அவர் செய்தது சரியா? மிகவும் சரி. கையெழுத்துக்கு மேலே யார் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். வண்டி போன பிறகும் பதிவு அப்பா பெயரிலேயே இருக்கும். அந்த எண்ணை வைத்து யாராவது தவறு செய்தால், போலீஸ் இந்த வீட்டைத் தேடித்தான் வரும். வண்டியை உடைக்கக் கொடுப்பதாக இருந்தாலும், பதிவை ரத்து செய்ய வேண்டும்.

முதலில் தாள்

அம்மாவும் மகளும் பெட்டியைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்தார்கள். அதில் நான்கு விவரங்களைப் பார்த்தார்கள். உங்கள் வீட்டு வண்டிக்கும் இவற்றைப் பாருங்கள்.

பெயர்: வண்டி யார் பெயரில் இருக்கிறது? உரிமையாளர் இறந்துவிட்டால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதற்குப் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், ஆர்.சி., காப்பீட்டுத் தாள் ஆகியவை தேவை. நாள் கடந்துவிட்டாலும் மாற்றலாம். ஆனால், அபராதம் கட்ட வேண்டி வரும்.

தேதி: மோட்டார் சைக்கிளின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்குப் படிவம் 25. அதிகாரி வண்டியை நேரில் பார்ப்பார். பல மாநிலங்களில் பழைய வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு.

எண்கள்: இன்ஜின் எண், சேசிஸ் எண் என்று இரண்டு இருக்கும். வண்டியில் அவை பொறிக்கப்பட்ட இடத்தைத் துடையுங்கள். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எண் தாளில் தெரியும். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால், செலவு செய்வதற்கு முன்பே அலுவலகத்தில் கேளுங்கள்.

கணினி: பழைய ஆர்.சி. புத்தகத்தின் விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இவற்றோடு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வண்டி யார்மீதாவது மோதினால் அவருக்கு இழப்பீடு கொடுக்க அது உதவும். காப்பீடு இல்லாவிட்டால் அந்தப் பணம் முழுவதும் நம் தலையில் விழும். வீட்டை விற்றாலும் போதாமல் போகலாம். புகைச் சான்றிதழும் வேண்டும்.

மகள் முதலில் பழகுநர் உரிமம் எடுத்தாள். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். கியர் உள்ள வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வண்டியை நிறுத்துவது

வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார்கள்.

"அண்ணே, முதல்ல இன்ஜினைப் பாருங்க. கிளம்புதான்னு தெரியணும்" என்றாள் மகள்.

"கிளம்பாத வண்டி யாரையும் கொல்லாது பாப்பா. நிக்காத வண்டிதான் கொல்லும். பிரேக்கை முதல்ல பார்ப்போம்" என்றார் அவர்.

அவர் சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் ஷூவின் லைனிங் கல் போல இறுகியிருந்தது. கேபிள் உள்ளே துருப்பிடித்திருந்தது. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். பழைய லைனிங் தூசியை அவர் வாயால் ஊதவில்லை. ஈரத் துணியால் துடைத்தார். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பிறகு டயர். பட்டன் நன்றாகத்தான் இருந்தது. அம்மா குனிந்து டயரின் பக்கத்தில் இருந்த எழுத்துகளைப் படித்தார்.

"நாலு எண் இருக்கு. 0711" என்றார்.

"முதல் ரெண்டும் வாரம். கடைசி ரெண்டும் வருஷம். 2011ஆம் வருஷம் ஏழாவது வாரத்துல செஞ்சது. பாருங்க, ஓரமெல்லாம் வெடிச்சிருக்கு. ஓடும்போது கிழியும்" என்றார் மெக்கானிக்.

டயரையும் டியூபையும் மாற்றினார்கள்.

மூன்றாவது, வண்டியைக் கிளப்புவது

நீண்ட நாள் நின்ற இன்ஜினை உடனே கிக்கரால் உதைக்கக் கூடாது. உள்ளே பிஸ்டன் வளையம் துருவால் ஒட்டியிருக்கலாம். உதைத்தால் உடையும். இந்த வரிசையில் செய்ய வேண்டும்:

• பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட வேண்டும். ஓர் இரவு அப்படியே விட வேண்டும். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும்.

• டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுவதும் வடிக்க வேண்டும். உள்ளே துரு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

• கார்புரேட்டரில் மெல்லிய துளை உள்ள ஜெட் இருக்கும். அதைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் வீணாகும். காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

• பெட்ரோல் டியூபை மாற்ற வேண்டும். இப்போது நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பரை அது கெடுக்கும். ஈரத்தையும் இழுக்கும். அதனால், வண்டியை மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள்.

• கியர் பெட்டிக்கு ஆயில் தனி. அதையும் மாற்ற வேண்டும்.

இவற்றைச் செய்த பிறகு நான்காவது உதையில் வண்டி கிளம்பியது. நீலப் புகை வந்தது. பழைய ஆயில் எரிந்த புகை அது. கொஞ்ச நேரத்தில் குறைந்தது.

நான்காவது, அழகு

பெயிண்ட் அடிக்கப் பணம் மிஞ்சவில்லை. மகள் டேங்கைத் துடைத்து மெழுகு பூசினாள். மிஞ்சிய பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் இரண்டு வாங்கினாள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

செலவு எல்லாவற்றையும் அம்மா ஒரு நோட்டில் எழுதினார். தேதி, பொருள், விலை என்று மூன்று பத்தி போட்டார். பாகம் மாற்றும்போது பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அலுவலகத்தில் கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கி ஒட்டி வைத்தார். இப்போது ஆர்.சி.யில் அம்மாவின் பெயர் இருக்கிறது. படிவத்தை நிரப்பியதும் அவர்தான்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருக்கிறதா? ஸ்பானரைத் தேடுவதற்கு முன் ஆர்.சி.யைத் தேடுங்கள். ஒரு வரி விடாமல் படியுங்கள்.

சொல் அறிவோம்

ஆர்.சி. – வண்டியின் பதிவுச் சான்று
சேசிஸ் – வண்டியின் இரும்புச் சட்டம்
லைனிங் – சக்கரத்தை உரசி நிறுத்தும் பட்டை
கல்நார் – நார் போன்ற ஒரு வகைக் கனிமம்

கணக்குப் போடுவோம்

1. வண்டி 1988இல் பதிவானது. 15 ஆண்டு எப்போது முடிந்தது? அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தார்கள். 2018இல் புதுப்பித்தது எந்த ஆண்டு வரை செல்லும்?

2. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில் என்று வைத்துக்கொள்வோம். மூன்று லிட்டருக்கு எத்தனை மில்லி வேண்டும்?

3. ஒரு டயரில் 3522 என்று இருக்கிறது. அது எந்த ஆண்டில், எந்த வாரத்தில் செய்தது?

பேசுவோம்

1. அம்மா காலிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?
2. "நிக்காத வண்டிதான் கொல்லும்" என்று மெக்கானிக் ஏன் சொன்னார்?
3. உங்கள் வீட்டில் இறந்தவர் பெயரில் இன்னும் இருக்கும் தாள்கள் எவை? பட்டியல் எழுதுங்கள்.