கணினிக்கு 'வாட்டர் கூலிங்' வாங்குமுன்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வீடியோ எடிட்டிங், கேம் என்று டெஸ்க்டொப் வைத்திருக்கும் பிள்ளைகள் 'வாட்டர் கூலிங்' கிட் கேட்கிறார்களா? முதலில் ப்ரொசசரின் வாட் அளவைப் பாருங்கள். 65 வாட் என்றால் நல்ல காற்றாடிக் கூலரே தாராளம். 125 வாட்டுக்கு மேல், அதுவும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுவதென்றால் 240 மில்லிமீற்றர் ரேடியேட்டருள்ள கிட்டை யோசிக்கலாம்.

இந்தக் கிட் எதுவும் அறையின் சூட்டுக்குக் கீழே குளிர்விக்காது. தகரக்கூரைக் காம்பராவில் மத்தியானம் 34 பாகை என்றால், ரேடியேட்டருக்குள் போவதும் அதே சூட்டுக் காற்றுதான். கணினியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றோட்டமாக வைப்பதுதான் முதல் வைத்தியம். அதற்குக் காசு வேண்டாம்.

கடையில் பெட்டியைத் திறந்து, குழாய் பொருந்தும் இடங்களை விரலால் தடவுங்கள். பிசுபிசுப்போ பச்சைக் கறையோ இருந்தால் வாங்கவே வேண்டாம். உங்கள் மதர்போர்டின் சொக்கெட்டுக்குப் பொருந்துமா, கேஸின் மேல்பக்கம் ரேடியேட்டருக்கு இடமிருக்கிறதா என்றும் பாருங்கள். பம்பைவிட ரேடியேட்டர் உயரத்தில் இருந்தால்தான் காற்றுக் குமிழி பம்பில் தங்காது.

நாமே நிரப்பும் வகைக்குப் பீலித் தண்ணீர் ஆகாது. அதற்கென்று விற்கும் திரவமே வேண்டும். ப்ரொசசர்மேல் பொருந்தும் செம்பு பிளொக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் உலோகம் அரித்துப்போகும்.

கசிந்து மற்றப் பாகங்கள் கெட்டால் உத்தரவாதம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் காற்றாடிக் கூலரையே எடுங்கள். அதில் கெடுவது பெரும்பாலும் காற்றாடி மட்டும்தான். டவுனுக்குப் போய் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.