உடைமை போன பின்னும் கடமை

நாம் பாடுபட்டு வளர்த்த ஒன்று நம் கையை விட்டுப் போனால் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் மனம் கசந்து ஒதுங்கிவிடுகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஜே. ஆர். டி. டாட்டா அவர்களின் வாழ்க்கையை இவ்விதழில் படிப்போம்.

1904 ஜூலை 29இல் பாரிஸ் நகரில் பிறந்தவர் அவர். தந்தையார் பார்சி, தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. 1925இல் குடும்ப நிறுவனத்தில் சம்பளமில்லாத பயிலுநராகச் சேர்ந்தார். 1938இல், தமது 34ஆம் வயதில், அதன் தலைவரானார்.

அவர் மனமெல்லாம் விமானத்தில்தான் இருந்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை 1929இல் பெற்றார். 1932 அக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் தாமே விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சென்றவர் அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட். இந்தச் சிறு தபால் சேவையே பின்னர் ஏர் இந்தியா ஆயிற்று. 1948 ஜூனில் அது லண்டனுக்கும் பறந்தது.

1953இல் அரசாங்கம் விமான சேவைகளை நாட்டுடைமை ஆக்கியது. டாட்டா அதை எதிர்த்து வாதாடினார்; பலிக்கவில்லை. ஆனாலும் அரசு கேட்டுக்கொண்டபோது, தம்மிடமிருந்து போன அதே நிறுவனத்திற்குத் தலைவராக இருக்கச் சம்மதித்தார்.

“தலைமைப் பதவிதானே கிடைத்தது?” என்று நாம் கேட்கலாம். அப்பதவியில் அவர் செய்ததைப் பார்ப்போம். பயணம் செய்யும்போதெல்லாம் தேநீர், இருக்கை, திரைச்சீலை என ஒவ்வொன்றிலும் கண்ட குறைகளைக் குறித்துவைத்து அதிகாரிகளுக்கு எழுதுவார். 1978இல் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அதன் பின்பும் அன்பு குறையவில்லை. 1982இல், 78ஆம் வயதில், முதற் பயணத்தின் பொன்விழாவுக்காகக் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் தனியாக விமானம் ஓட்டி வந்தார்.

பிள்ளைகள் இல்லாத அவர், 1991இல் குழுமத் தலைமையை ரத்தன் டாட்டாவிடம் ஒப்படைத்தார். 1992இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1993 நவம்பர் 29இல் ஜெனீவாவில் காலமானார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது. அதைக் காண அவர் இல்லை. திரும்பி வரும் என்று எண்ணி அவர் உழைக்கவும் இல்லை.

“என்னுடையது” என்பதற்காக மட்டும் நாம் செய்யும் வேலை, அது கைமாறிய அன்றே நின்றுவிடுகிறது. நம் கடைகளிலும் சங்கங்களிலும் இதைக் கண்டிருக்கிறோம்.

பிள்ளைகளுடன் பேசிப் பார்ப்போம்:

1. நாம் தொடங்கியதை வேறொருவர் நடத்தும்போது அவருக்கு உதவ நமக்கு மனம் வருமா?

2. இன்று நம் கையில் உள்ள பொறுப்பை யாரிடம், எப்போது ஒப்படைக்கப் போகிறோம்?