புகை எப்போது வருகிறது என்று முதலில் கேளுங்கள்

துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில், அல் பதாயர் மணல்மேடுகளின் ஓரம் வாடகை குவாட் பைக்குகள் வரிசையாக நிற்கும். ஏடிவி என்று சொல்கிறோமே, அதே வண்டிதான். ஐடிஐ முடித்து, ஊரில் டூவீலர் பட்டறையில் வேலை பழகிய இளைஞர்கள் நம் பக்கத்திலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிறார்கள். இந்த வண்டிகளில் கை வைக்கும் எவருக்கும் வந்து சேரும் புகார் ஒன்று உண்டு: "வண்டி புகை அடிக்குது, ஆயில் குடிக்குது."

பட்டறைகளில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "ரிங் போச்சு, இன்ஜினை இறக்கு." அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம். ரிங் மாற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். இறக்க வேண்டுமா, வேண்டாமா என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவரைத்தான் ஃபோர்மேன் தேடுகிறார்.

நிறத்தை ஒரு பார்வையில் முடித்துவிடலாம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. இன்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. நீலம் கலந்த சாம்பல் நிறமும் தீய்ந்த எண்ணெய் வாடையும்தான் ஆயில்.

நிறத்தைவிட நேரம் அதிகம் சொல்லும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று ஒரு நீலப்புகை, அப்புறம் சுத்தமாகிவிடுகிறது என்றால் வால்வு சீல் வழியாக ஆயில் கசிந்து இறங்கியிருக்கிறது. மேட்டிலிருந்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இறங்கி, கீழே வந்து அழுத்தும்போது குப்பென்று அடித்தாலும் முதல் சந்தேகம் அங்கேதான். திராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் கூடி, வால்வு கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். மேடு ஏறும்போது, முழு லோடில், நிற்காமல் புகைகிறதா? ரிங்கையும் போரையும் சந்தேகப்படுங்கள். ஓட்டிப் பார்க்காமல் ஸ்டாண்டில் வைத்து உறுமவிட்டால் இந்த வித்தியாசம் தெரியாது. வண்டியைக் கொண்டுவந்தவரிடம் கேளுங்கள், பிறகு நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது டிப்ஸ்டிக். புகைக்கு ஆயில் அதிகமாக ஊற்றியதே காரணமாக இருக்கலாம். யமஹா ராப்டர் 700 போன்ற டிரை சம்ப் வண்டிகளில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் அது கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்குள் இறங்கிவிடும். சூடாக்காமல் அளந்தால் குறைவாகக் காட்டும். குறைகிறதே என்று ஒருவர் ஊற்ற, மிஞ்சிய ஆயில் பிரீதர் ஹோஸ் வழியாக ஏர்பாக்ஸுக்குப் போய், அங்கிருந்து எரிய வந்துவிடும். மேனுவலில் சொன்னபடி இன்ஜினைச் சூடாக்கி, அணைத்து, அதில் சொன்ன நேரம் காத்திருந்து அளக்க வேண்டும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். அளவு கூடி பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டர் வண்டியில் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் கீழே இறங்குகிறது. வண்டி சமீபத்தில் கவிழ்ந்ததா என்றும் விசாரியுங்கள். கவிழ்ந்த வண்டி சிறிது நேரம் புகைவது சகஜம். ஏர்பாக்ஸைத் துடைத்து, ஆயில் அளவைச் சரிசெய்து ஓட்டினால் நின்றுவிடும்.

இவை எதுவும் இல்லை என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் பக்கம் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை விரலால் ஒரு தடவு தடவுங்கள். விரலில் நறநறவென்று மணல் ஒட்டினால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஃபில்டரைத் தாண்டிய மணல் ரிங்கையும் போரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. கிளாம்ப் தளர்ந்ததா, ஃபோம் கிழிந்ததா, ஃபில்டர் ஆயில் இல்லாமல் காய்ந்துபோனதா என்று வழியைக் கண்டுபிடியுங்கள். அந்த வழியை அடைக்காமல் புது பிஸ்டன் போட்டால் அதே வண்டி அதே புகையோடு திரும்பி வரும். முதலாளிக்கு இரண்டு முறை செலவு வைக்கும் வேலை அது.

கம்பிரஷன் கேஜை மட்டும் நம்ப வேண்டாம். பல ஏடிவிகளின் கேம்ஷாஃப்டில் தானியங்கி டிகம்பிரஷன் இருக்கிறது. நல்ல இன்ஜினிலும் அளவு குறைவாக வரும். லீக்-டவுன் டெஸ்ட் தெளிவாகப் பேசும். பிஸ்டனைக் கம்பிரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, கிராங்க் சுழன்றுவிடாமல் பிடித்து, இரண்டு கேஜ் உள்ள டெஸ்டரால் பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ காற்று கொடுங்கள். இரண்டாவது கேஜ் 85 காட்டினால் 15 சதவீதம் கசிகிறது. பட்டறையில் மற்ற சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுங்கள். ஆயில் மூடித் துளையில் பலமாக உஸ்ஸென்று கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர்பாக்ஸில் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

அனுபவமுள்ளவர்களும் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. டெஸ்டில் பெரிய கசிவு இல்லை, வண்டியோ நீலமாகப் புகைகிறது. காற்றைப் பிடித்து நிறுத்துபவை மேலே உள்ள கம்பிரஷன் ரிங்குகள். ஆயிலை வழிப்பது அடியில் இருக்கும் ஆயில் ரிங். அது கரி பிடித்து இறுகிப்போனாலும் கேஜில் தெரியாது. வால்வு சீலும் அப்படித்தான். அப்போது பிளக் துளை வழியாகவும் இன்டேக் வாய் வழியாகவும் போரோஸ்கோப் விடுங்கள். பிஸ்டன் தலையின் விளிம்பு மட்டும் கரியில்லாமல் ஆயிலில் கழுவியதுபோல் இருந்தால் ரிங் பக்கம். இன்டேக் வால்வின் தண்டும் பின்புறமும் கரி அப்பிக் கிடந்தால் சீல் பக்கம். சீல் மட்டும்தான் என்றால் ஹெட்டோடு வேலை முடியும், போருக்குப் போக வேண்டியதில்லை.

இறக்கியே ஆகவேண்டும் என்றால், எஸ்டிமேட் சொல்வதற்கு முன் அளந்துவிடுங்கள். போரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும் கிராங்கின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் போர் கேஜ் வைத்து அளந்து ஜாப் கார்டில் எழுதுங்கள். ரிங்கைப் பிஸ்டனால் நேராக உள்ளே தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். மேனுவலின் எல்லையை அதன் பக்கத்திலேயே எழுதிவிட்டால் விலை பேசும்போது வாக்குவாதம் குறையும். பூச்சுப் போட்ட போர் என்றால் ஊரில் செய்வதுபோல் லேத்துக்கு அனுப்பி ரீபோர் செய்துவிட முடியாது. மறுபூச்சோ புது சிலிண்டரோதான் வழி. இதை முதல் நாளே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

சேர்க்கும்போது ரிங்கில் குறியிட்ட முகம் மேலே பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் புது ரிங்கும் புகையும். கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் வண்டி என்றால் ஜாசோ எம்ஏ குறியுள்ள ஆயிலையே ஊற்றுங்கள். சில கார் ஆயில்களில் கிளட்ச் வழுக்கும். வண்டியை ஒப்படைக்கும்போது, கழுவிக் காயவைத்து ஃபில்டர் ஆயில் தடவிய இன்னொரு ஃபோமையும் ஒரு கவரில் கட்டிக் கொடுங்கள். பெட்ரோலில் அலசக் கூடாது, தீப்பிடிக்கும், ஒட்டுப் பசையும் பிரியும். முறுக்கிப் பிழியாமல் அமுக்கித்தான் எடுக்க வேண்டும் என்று வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குச் செய்தே காட்டிவிடுங்கள்.