கேட்கும் முறை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டினையும் மனிதன் தனக்கே உரியனவாகப் பெற்றுத் துய்க்கின்றான். உறையுளோ அத்தகையதன்று. நகரங்களில் வாழ்வோருள் பலர் பிறர்க்குரிய மனையில் திங்கள்தோறும் பொருள் கொடுத்துக் குடியிருக்கின்றனர். அப்பொருளை இக்காலத்தார் வாடகை என்பர். குடிக்கூலி என்பது பழைய வழக்கு. கூலி என்னும் சொல்லைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை. ஆள் தன் உடல் தேய உழைப்பதற்குக் கொடுப்பது கூலியானால், மனை தன் சுவரும் கதவும் தேயக் குடியிருப்போர்க்குப் பயன்படுவதற்குக் கொடுப்பதும் கூலியேயாம். தேய்வுக்குரிய விலையும் அதனுள் அடங்கியுள்ளது. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கும்பகோணத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதும் பெண்மணி ஒருவர், 2019-ஆம் ஆண்டு ஆனித் திங்களில் ஓர் ஓட்டு வீட்டில் குடிபுகுந்தார். கணவரை இழந்தவர், மூப்பெய்திய மாமியாரும், ஒரு மகளும், ஒரு மகனும் அவருடன் இருந்தனர். வாடகை திங்களுக்கு 4,500 ரூபாய். முன்பணம் 13,500 ரூபாய். நாடாக் கட்டில் ஒன்று, பிரம்பு நாற்காலி இரண்டு, மர அலமாரி ஒன்று, மின்விசிறி இரண்டு ஆகிய தட்டுமுட்டுப் பொருள்களும் வீட்டோடு வந்தன. அவை யாவும் உடன்படிக்கையின் இறுதியில் பட்டியலாக எழுதப்பட்டன. எழுதச் சொன்னவர் வீட்டுக்காரரே. தம் பொருளுள் ஒன்றும் குறைந்துவிடலாகாது என்பது அவர் கருத்து. அப்பட்டியல் ஒருநாள் குடியிருப்பவர்க்கும் துணையாகும் என்று அவர் எண்ணியிரார்.

ஆண்டுகள் ஐந்து கழிந்தன. கட்டிலின் நாடா நைந்து குழிந்தது. அலமாரியின் பின்பலகையில் செல் ஏறிற்று. குளியலறைக் கதவின் அடிப்பலகை நீர்பட்டு நீர்பட்டு இற்று உதிர்ந்தது. இல்லத்தலைவியார் நாடாவுக்கு முடிச்சிட்டார். கதவின் அடியில் தகரம் வைத்து அடித்தார். எதனையும் வீட்டுக்காரரிடம் சொன்னாரல்லர். சொன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்னும் அச்சமே காரணம். மகள் பத்தாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கு நடந்து செல்லும் தொலைவில், அந்த வாடகைக்கு வேறு வீடு எங்கே கிடைக்கும்?

2024-ஆம் ஆண்டு ஐப்பசியில் அடைமழை பெய்த ஓர் இரவில், செல்லரித்த கட்டிற்கால் முறிந்தது. அதில் உறங்கிய மூதாட்டியார் தரையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கிற்று. மறுநாள் முதல் அவர் பாயில் படுத்தார். எழும்போதெல்லாம் இருவர் தாங்க வேண்டியதாயிற்று. இனிச் சொல்லாதிருத்தல் ஆகாது என்று மருமகளார் துணிந்தார். மடல் எழுதும் பணி மகளுக்கு வந்தது.

அவள் முதலில் எழுதியது இது: “ஏழைகளாகிய எங்கள்மீது இரக்கங்கொண்டு ஒரு கட்டில் வழங்கியருளப் பணிந்து வேண்டுகிறோம்.” பாட்டியார் அதனைப் படிக்கக் கேட்டார். “நாம் என்ன பிச்சையா கேட்கின்றோம், கண்ணே? மாதம் பிறந்த ஐந்தாம் நாளுக்குள் உன் தாய் வாடகையைக் கொடுத்துவிடுகின்றாளே” என்றார். அப்போது அங்கு வந்த அண்டை வீட்டு இளைஞன் தாளை வாங்கி, “ஏழு நாளுக்குள் எல்லாப் பொருள்களையும் மாற்றிக் கொடுக்கவும், தவறினால் வழக்குத் தொடுக்கப்படும்” என்று எழுதினான். மூதாட்டியார் இதனையும் ஏற்றாரல்லர். “வழக்காடுவதற்கு முன் வாய்திறந்து ஒருமுறையேனும் சொல்லியிருக்க வேண்டாவா?” என்று கேட்டார்.

தமிழ் இலக்கணம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஒரு பொருளை வேண்டிக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்குங்கால் ‘ஈ’ என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் ‘கொடு’ என்பான். இன்றைய பேச்சில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. ஆயினும் சிறுமி எழுதிய மடலில் நின்றது ‘ஈ’. இளைஞன் எழுதிய மடலில் நின்றது ‘கொடு’. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஓர் உடன்படிக்கையில் இருபுறமும் கையொப்பமிட்டவர்கள். அவர்களுக்கிடையே வழங்க வேண்டுவது ‘தா’ என்னும் சொல்லே.

சட்டமும் இக்கருத்துக்கு மாறானதன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், குடியிருப்பவர் வீட்டைப் பெற்றபோதிருந்த நிலையிலேயே காக்கவேண்டும் என்று கூறுகின்றது; கூறும்போதே, முறையான பயன்பாட்டால் நேரும் தேய்வுக்கு விலக்கும் அளிக்கின்றது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டமோ ‘கட்டடம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து, வீட்டுக்காரர் பயன்பாட்டுக்குத் தந்த தளவாடங்களையும் அதனுள் அடக்கிற்று. அச்சட்டம் நீங்க, 2017-இல் இயற்றப்பெற்ற சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், நீர்க்குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை வீட்டுக்காரர் கடன் என்றும், குழாயின் வாசர், மின்சுவிட்சு, கதவுப் பூட்டு, சன்னற் கண்ணாடி போன்றவற்றைச் செப்பனிடுதல் குடியிருப்பவர் கடன் என்றும் அது வரிசைப்படுத்திக் காட்டுகின்றது. கட்டில், நாற்காலி போன்றவற்றுக்கு உடன்படிக்கையில் எழுதிய பட்டியலே பெருந்துணை. வாய்ச்சொல்லை மட்டும் நம்பிக் குடிபுகுவோர்க்கு அத்துணையும் இல்லை.

ஆகவே, எழுதுமுன் தேய்ந்தது எது, உடைத்தது எது என்று பிரித்தறிதல் வேண்டும். அவ்வீட்டில் பிரம்பு நாற்காலி ஒன்றின் கால் தேய்ந்து முறியவில்லை. பரண்மேல் விழுந்த பந்தை எடுப்பதற்குச் சிறுவன் அதன்மீது ஏறிக் குதித்ததால் முறிந்தது. அதனையும் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று சிறுவன் சொன்னான். தாயார் இசையவில்லை, தச்சரை அழைத்துத் தம் செலவில் செப்பனிட்டார், அதன் பின்னரே மகளை எழுதச் சொன்னார்.

“மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் வீட்டில் ஐந்தாண்டுகளாகக் குடியிருந்து வருகின்றோம். உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள நாடாக் கட்டிலின் கால் செல்லரித்துச் சென்ற செவ்வாய் இரவில் முறிந்தது. என் மாமியார் கீழே விழுந்து கையில் அடிபட்டார். அலமாரியின் பின்பலகையிலும் செல் உள்ளது. குளியலறைக் கதவின் அடிப்பாகம் இற்றுவிட்டது. சுவருக்கு வெள்ளையடித்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. மின்விசிறியின் கண்டென்சர், இரண்டு குழாய்கள், எங்கள் மகனால் உடைந்த நாற்காலி ஆகியவற்றை நாங்களே செப்பனிட்டுக்கொண்டோம். தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்துக் கட்டிலையும் கதவையும் முதலில் மாற்றித் தர வேண்டுகிறேன். மற்றவற்றை எப்போது செய்வது என்று பேசி முடிவு செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீட்டில் இருப்போம்.”

மடலின் படியொன்றை எடுத்து வைத்துக்கொண்டனர். ஆறு நாள் மறுமொழி இல்லை. அந்த ஆறு நாளும் வாயிற்கதவு தட்டப்படும்போதெல்லாம் தாயார் முகம் வெளிறிற்று. ஏழாம் நாளாகிய ஞாயிறன்று வீட்டுக்காரர் குடையுடன் வந்தார். அவரும் முதியவரே. அந்த வாடகையே அவருடைய வருவாயில் பெரும்பகுதி என்பதைக் குடியிருந்தோர் அன்றுதான் அறிந்தனர். அவர் கட்டிற்காலைப் பெருவிரலால் அழுத்தினார். மரம் மாவாய் உதிர்ந்தது. கதவைப் பார்த்தார், தகரத்தையும் பார்த்தார். “இதை அப்போதே சொல்லியிருக்கலாமே, அம்மா. ஒரு பலகையோடு போயிருக்கும், இப்போது கதவே போயிற்று” என்றார். அதற்கு விடை சொல்ல ஒருவராலும் இயலவில்லை.

பின்னர்ப் பேரம் நடந்தது. தேக்கு விற்கும் விலையில் புதுக்கட்டில் இயலாது என்றார் அவர். வேப்பமரத்தில் நான்கு கால்களும் புது நாடாவும் போட்டுத் தருவதாக ஒப்பினார். குளியலறைக்கு நீர்படினும் இறாத பிளாஸ்டிக் கதவு என்று முடிவாயிற்று. வெள்ளையடிப்பதும், அலமாரிக்குப் பலகை மாற்றுவதும் பொங்கலுக்குப் பின் என்றார். முடிவில், செப்பனிட்ட நாற்காலியை அசைத்துப் பார்த்து, அதன்மீதே அமர்ந்து உடன்படிக்கையைக் கேட்டு வாங்கினார். பட்டியலில் கட்டிலுக்கு எதிரே மாற்றத்தைக் குறித்து நாளிட்டார். இருவரும் கையொப்பமிட்டனர்.

அடுத்த வெள்ளியன்று கட்டில் வந்தது. பத்து நாளில் கதவும் வந்தது. பொங்கல் கழிந்தது. சுவர் வெள்ளை பெற்றது. மாசி பிறந்தும் அலமாரிப் பலகைக்குத் தச்சர் வரவில்லை. மகள் மீண்டும் தாளும் எழுதுகோலும் எடுத்தாள். இம்முறை அவள் யாரிடமும் கேளாமலே, “மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்” என்று தொடங்கினாள்.