விதை முளைக்கும் பாடம்: இளங்குழந்தைகள் தாமே ஆராய்ந்தறியும் முறை

ஆரம்பப் பள்ளிகளில் விதை முளைத்தலைப் பற்றிய பாடம் நடைபெறாத ஆண்டே இல்லை. ஆயினும் பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது யாதெனில், ஆசிரியர் ஒரு கிண்ணத்தில் முளைத்த பயற்றைக் கொணர்ந்து காட்டுகிறார். விதை முளைக்க நீரும் காற்றும் தகுந்த வெப்பமும் வேண்டும் என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுகிறார். குழந்தைகள் அதனை ஒருமித்துச் சொல்கின்றனர். வாக்கியத்தில் பிழையில்லை. ஆனால் குழந்தைகள் எதையும் கண்டறியவில்லை; பிறர் கண்டறிந்ததைக் கேட்டுக்கொண்டனர், அவ்வளவே.

நடு வகுப்புகளில் இதற்கு மாறானதொரு முயற்சி நம் நாட்டிலேயே விரிவாக நடந்துள்ளது. மத்தியப் பிரதேசத்தில் அந்நாளில் ஹோஷங்காபாத் எனப்பட்ட மாவட்டத்தில், 1972-ஆம் ஆண்டில் 16 பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் மாணவர்கள் எளிய உபகரணங்களைக் கொண்டு தாமே பரிசோதனை செய்து முடிவுக்கு வந்தனர். சவாலிராம் என்ற கற்பனைப் பெயருக்குத் தம் ஐயங்களைக் கடிதமாகவும் எழுதினர். 2002-ஆம் ஆண்டில் திட்டம் நிறுத்தப்பெற்றது. எனினும் கிராமப் பள்ளியிலும் இம்முறை இயலும் என்பது அதற்குள் புலனாகிவிட்டது. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம் இதே முறையைக் கையாள்வதற்கு வேறுவகை ஆயத்தம் தேவைப்படுகிறது. அவர்களுள் பலருக்கு இன்னும் எழுத வராது. ஒரு கேள்வியை நெடுநாள் மனத்தில் வைத்திருக்கவும் இயலாது.

எனவே ஆசிரியரின் முதல் வேலை, கேள்வியைச் சுருக்குதலாகும். ‘விதை முளைக்க எவை தேவை?’ என்பது பெரிய கேள்வி. ‘விதை ஏன் முளைக்கிறது?’ என்பது வகுப்பறையில் விடை காண இயலாத கேள்வி. ‘இந்தப் பயறு மண் இல்லாமல் முளைக்குமா?’ என்பதோ குழந்தையின் கையும் கண்ணும் நான்கு நாட்களில் தீர்த்துவிடக் கூடிய கேள்வி. செடிகள் யாவும் மண்ணிலேயே நிற்கக் கண்ட குழந்தைகளில் பலர் ‘முளைக்காது’ என்றே உறுதியாகச் சொல்வர். ஆதலால் விடையில் அவர்களுக்கு அக்கறை பிறக்கிறது. ‘ஏன்’ என்று கேட்கும் குழந்தையின் கேள்வியையும் தள்ளிவிடாமல் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தல் நலம்.

பாசிப்பயறு இதற்கு மிக ஏற்றது. எங்கும் கிடைக்கும், வெப்பமான நாட்களில் ஊறிய ஓரிரு நாட்களில் முளை விடும். வடநாட்டுக் குளிர்காலத்தில் இன்னும் சில நாட்கள் பிடிக்கும்; அங்கு இப்பாடத்தைக் கோடைக்குச் சற்று முன் வைத்துக்கொள்ளலாம். விதைக் கிடங்கில் மருந்து பூசி விற்கும் விதைகளை ஒருபோதும் குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது. அழகுக்காகக் குன்றிமணியையோ, பெரிதாயிருக்கிறதென்று ஆமணக்கு விதையையோ கொணர்தலும் கூடாது, இரண்டும் நஞ்சுடையவை. சிறு குழந்தைகள் விதைகளை மூக்கிலும் காதிலும் இட்டுக்கொள்வர் என்பதையும் ஆசிரியர் மறத்தல் ஆகாது. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதே தக்க காப்பு.

பாடத்தைத் திங்கட்கிழமையில் தொடங்குதல் வேண்டும். வியாழனன்று தொடங்கினால் முளை வெளிவருவதை ஞாயிற்றுக்கிழமை விழுங்கிவிடும். இது அற்பமாகத் தோன்றினும், இத்தகைய பாடங்கள் பல கெட்டுப்போவது இக்காரணத்தினாலேயே. முதல் நாள் காலையில் குழந்தைகளே பூச்சி அரித்த பயறுகளை ஒதுக்கி, நல்லவற்றை நீரில் இடட்டும். மாலையில் ஊறிய பயற்றை உலர்ந்த பயற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் செய்தால், அது பருத்திருப்பதை அவர்களே சொல்வர். பின்னர் இரண்டு கொட்டாங்கச்சிகளில், ஒன்றில் ஈர மண்ணும் மற்றொன்றில் ஈரத் துணியும் இட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு வைக்கலாம். ஒரே ஒரு விதையை வைத்தல் தவறு; அது சொத்தையாயிருந்தால் பாடமே பொய்த்துவிடும். எவை இரண்டிலும் ஒன்றுபோல் உள்ளன, எது மட்டும் வேறு என்று கேட்டு, அவர்கள் வாயிலாகவே விடை வருவித்தல் வேண்டும். நீரின் அளவு, வைக்கும் இடம், விதையின் எண்ணிக்கை ஆகியவை ஒன்றே. மண் மட்டும் வேறு.

விடை தெரியுமுன் ஒவ்வொரு குழந்தையும் தன் ஊகத்தைத் தெரிவித்தல் அவசியம். எழுத வராதவர்கள் ‘முளைக்கும்’, ‘முளைக்காது’ என்ற இரு வட்டங்களுள் ஒன்றில் ஒரு கூழாங்கல்லை இடலாம். ஊகம் தவறியவரை நகைத்தலோ, சரியாகச் சொன்னவரைப் புகழ்தலோ கூடாது. நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணுதல் கணிதப் பாட வேளையிலும், கண்டதைச் சொல்லுதல் மொழிப் பாட வேளையிலும் நடைபெறலாம். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட அமைப்பும் முதலிரு வகுப்புகளில் சுற்றுப்புற அறிவைத் தனிப் பாடமாக வைக்காமல் மொழியோடும் கணிதத்தோடும் இணைத்தே கருதியது. பல வகுப்புகளை ஒருவரே நடத்தும் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பினர் சிறுவர்களின் எண்ணிக்கையை எழுதி உதவலாம்.

மண்ணின்றியும் முளைப்பதைக் கண்டதும், ‘தண்ணீரை நிறைய ஊற்றினால் இன்னும் சீக்கிரம் முளைக்குமா?’ என்று எவரேனும் கேட்பது பெரும்பாலும் நிகழும். மறு வாரத்துப் பாடம் அதுவே; ஆசிரியருக்கு உண்மையான சோதனையும் அங்கேதான் காத்திருக்கிறது. நீரில் முழுதும் மூழ்கிய விதை காற்றின்மையால் முளைக்காது என்று பாடநூல்கள் பல கூறும். பயறு பாடநூலைப் படித்ததில்லை. மூழ்கிய பயறுகளிலும் பல சமயங்களில் சிறு வேர் வெளிவரும். அதன்பின் வளர்ச்சி தடைப்பட்டு, நீர் கலங்கி நாற்றமெடுக்கும். நீரில் கரைந்துள்ள சிறிதளவு பிராணவாயு தொடக்கத்திற்குப் போதுமாயிருந்து, பின்னர் தீர்ந்துவிடுவதே இதற்குக் காரணம்.

இரண்டாம் நாள் ஒரு குழந்தை, ‘தண்ணிக்குள்ளேயும் முளைச்சிருக்கு’ என்று சொல்லும்போது, ‘இல்லை, அது முளையன்று’ என்று ஆசிரியர் மறுத்துவிட்டால், தன் கண்ணைவிடப் பிறர் சொல்லையே நம்பவேண்டும் என்று அக்குழந்தை கற்றுக்கொள்ளும். கண்டதைக் கண்டவாறே தேதியிட்டு வரையச் செய்து, நான்காம் நாள் வரை காத்திருப்பதே முறை. அன்று ஈரத் துணியிலிருந்த முளையையும் நீருக்குள்ளிருந்த முளையையும் அருகருகே வைத்தால், வேற்றுமையைக் குழந்தைகளே பேசுவர். நாள்தோறும் நீரை மாற்றினால் என்னவாகும் என்பது இன்னுமொரு கேள்வி.

வங்காளம், ஒரிஸா, அஸ்ஸாம், காவிரிப் படுகை முதலிய நெல் விளையும் நாடுகளில், ‘நெல் தண்ணீருக்குள் முளைக்குமே’ என்று உழவர் வீட்டுக் குழந்தை சொல்லக்கூடும். அக்கூற்று மெய்யானதே. நெல், பிராணவாயு மிகக் குறைந்த நீரிலும் தன் முளைக்குருத்தை நீட்டி மேற்பரப்பை எட்ட முயலும் இயல்புடையது. வேர் பின்னரே நன்கு வளரும். பயற்றுக்கு அத்திறன் இல்லை. நெல்லையும் ஒரு கண்ணாடிக் குவளையில் இட்டு வைத்துப் பார்த்தால், அக்குழந்தையின் வீட்டறிவு வகுப்பில் மதிப்புப் பெறும்.

இப்பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலர்கள் ‘விதை முளைக்க எவை வேண்டும்?’ என்று குழந்தைகளைக் கேட்டு விடையைச் சரிபார்ப்பதில் பயனில்லை. குழந்தைகள் வரைந்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். நாற்பது படங்களும் ஒரே வடிவில் இருந்தால் அவை கரும்பலகையிலிருந்து வந்தவை. ஒன்றில் வேர் வளைந்தும், ஒன்றில் தோல் கழன்றும், ஒன்றில் முளைக்காத விதை மூன்றும் காணப்பட்டால், அவை கொட்டாங்கச்சியிலிருந்து வந்தவை. முளைக்காத அம்மூன்றைப் பற்றி, அவற்றை வரைந்த குழந்தையிடமே அலுவலர் கேட்கலாம்.