சுழலும் குடில்களும் சூட்டிய பெயர்களும்

1984ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘எலைட்’ என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தது. படங்கள் அனைத்தும் வெறும் கோடுகளே. வணிகக் கலத்தைச் செலுத்தும் ஆட்டக்காரர், கோளுக்கு மேலே சுழலும் நிலையத்தை அடைந்து சரக்கை விற்றல் வேண்டும். நிலையத்தின் முகப்பிலுள்ள ஒடுங்கிய செவ்வக வாயிலும் நிலையத்தோடு சேர்ந்து சுழலும். கலத்தையும் அதே வேகத்தில் சுழற்றினாலன்றி உள்ளே நுழைய இயலாது. சற்றே பிசகினும் கலம் மோதிச் சிதறும். பலருக்கு அவ்விளையாட்டின் மிகக் கடினமான பகுதி பகைவரோடு போரிடுவதன்று, வீடு திரும்புவதே.

அந்நிலையத்தின் பெயர் ‘கோரியோலிஸ்’.

சுழற்சி எதற்கு?

எடையற்ற வெளியில் நெடுநாள் தங்குவோரின் உடலைத் தாங்கும் எலும்புகள், மாதந்தோறும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அடர்த்தியை இழக்கின்றன. தசைகளும் நலிகின்றன. நீர் நிறைந்த வாளியைக் கயிற்றில் கட்டி வேகமாகச் சுழற்றினால் நீர் சிந்துவதில்லை. வாளியின் அடிப்பகுதியே அந்நீருக்குத் தரையாகிறது. சுழலும் குடியிருப்பும் அத்தகையதே. சக்கரத்தின் விளிம்பினது உட்புறம் தரை. அச்சு இருக்கும் திசை வானம். தலைக்கு மேலே நெடுந்தொலைவில் தெரிவது எதிர்ப்புறத்தாரின் தெரு.

வடிவமைப்பவரின் இடர்ப்பாடு அளவில்தான் தொடங்குகிறது. சக்கரம் சிறிதாயின் விரைந்து சுழல வேண்டும். விரைந்து சுழன்றால் தலையைத் திருப்பும்போதெல்லாம் மயக்கம் வரும். நிமிடத்திற்கு இரண்டு சுற்றில் புவியின் ஈர்ப்பைப் பெற ஏறத்தாழ 224 மீட்டர் ஆரம் வேண்டும். ஒரு சுற்று எனில் ஏறத்தாழ 900 மீட்டர். அங்கும் கையிலிருந்து நழுவிய பந்து நேர்கீழே விழாது; சுழற்சிக்கு எதிர்த்திசையில் சற்று விலகியே விழும். சுழலும் அமைப்புகளில் தோன்றும் இவ்விளைவைப் பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ் 1835இல் ஆராய்ந்தார். அவர் எண்ணியது நீர்ச்சக்கரம் போன்ற பொறிகளைப் பற்றி, விண்வெளியைப் பற்றியன்று. குடியிருப்போருக்குத் தலைசுற்றலைத் தரும் விளைவின் பெயரையே குடியிருப்புக்குச் சூட்டியதில் மெல்லிய குறும்பு இல்லாமலில்லை.

பெயர்கள் பிறந்த வழி

1929ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த நூலொன்றில் நோர்டுங் என்னும் பொறியாளர், தம் சுழல் நிலையத்தைக் ‘குடியிருப்புச் சக்கரம்’ என்றே அழைத்தார். பின்வந்தவை ஆளையோ ஊரையோ சார்ந்தன: பெர்னால் கோளம், ஓநீல் உருளை, 10,000 பேருக்கென 1975இல் திட்டமிடப்பட்ட ஸ்டான்ஃபோர்டு வளையம். எனினும், இயற்பியலாளர் ஓநீல் தம் வடிவங்களுக்கு இட்ட பெயர்கள் ‘தீவு ஒன்று’, ‘தீவு இரண்டு’, ‘தீவு மூன்று’ என்பனவே. கரையும் சூழ்ந்த கடலும் நினைவில் எழ, அச்சொல்லொன்றே போதுமாயிற்று. இவற்றுள் இதனினும் சிறந்த பெயர் வேறில்லை எனலாம்.

2001இல் வெளிவந்த ‘ஹேலோ’ விளையாட்டின் வளையம் 10,000 கிலோமீட்டர் விட்டமுடையது. நிலவைச் சூழும் பரிவேடத்தைக் குறிக்கும் சொல்லே ஹேலோ. கதையில் அதைக் கட்டிய பழைய இனத்தார் ‘நிலையம் 04’ என எண் மட்டும் இட்டனர்; பின்வந்த இனத்தார் அதைப் புனிதமெனத் தொழுதனர். அதுவோ உயிர்களை அழிக்கவல்ல கருவி. எண்ணிட்டவர்கள் அதனை அறிந்திருந்தனர், தொழுதவர்கள் அறியவில்லை. கதையின் அச்சம் முழுவதும் இவ்விரு பெயர்களுக்கு இடையிலேயே உள்ளது. அவ்வளையம் புவியின் ஈர்ப்பைத் தரவேண்டுமாயின் ஏறத்தாழ 75 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்ற வேண்டும் என்பதை இயற்பியல் கற்கும் எவரும் கணக்கிட்டு அறியலாம்.

அவ்வாறு கணக்கிட்டவர்கள் முன்பும் இருந்தனர். விண்மீனையே சூழ்ந்து சுழலும் மாபெரும் வளையத்தை லாரி நிவென் 1970இல் ‘ரிங்வேர்ல்டு’ புதினத்தில் படைத்தார். அது நிலைத்து நிற்காது, சிறிது நகர்ந்தாலும் விலகிச்சென்று விண்மீனில் மோதும் என மறு ஆண்டே அறிவியல் புனைகதை மாநாடொன்றில் எம்ஐடி மாணவர்கள் முழக்கமிட்டனர். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. பின்னர் எழுதிய தொடர்ச்சிப் புதினத்தில், வளையத்தை நிலைநிறுத்தும் உந்துபொறிகளை விளிம்பில் பொருத்தினார்.

மனிதர் குடியிருக்கும் சுழல் நிலையம் இன்றளவும் விண்ணில் இல்லை. 1966இல் ஜெமினி 11 விண்கலம், ஆளில்லாக் கலமொன்றோடு 30 மீட்டர் கயிற்றால் பிணைக்கப்பட்டு மெல்லச் சுழன்றது. தோன்றிய ஈர்ப்பு மிகச் சிறிது. உள்ளிருந்த இருவரும் அதை உணரவில்லை.