படம் பொய் சொல்லலாமா?

மார்கழியில் தஞ்சை வட்டார வயல்களில் சம்பாக் கதிர் அசைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெல் பூப்பதை உற்றுப் பார்த்ததுண்டா? முற்பகலில் உமி இரண்டாக விரியும். ஆறு மகரந்தத் தாள்கள் வெளியே தொங்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். இதை வரைய விரும்புபவர் அதற்குள் எண்ணி, அளந்து, குறித்துக்கொள்ள வேண்டும். கோதுமைப் பூவில் மூன்று தாள்களே உண்டு. ஆகவே எண்ணிக்கை தவறினால் படம் அழகாக இருந்தும் பயனில்லை.

செடி, பூச்சி, பறவை ஆகியவற்றை நூல்களுக்காக வரைவது ஒரு தொழில். எந்த அலுவலகத்திலும் சேராமல், படத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் பெற்று வரைபவர்களும் இருக்கிறார்கள். இக்கலை நமக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சை மன்னராக இருந்த இரண்டாம் சரபோஜி, ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். 1828-இல் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக வந்த ராபர்ட் வைட் ஒரு தாவரவியலார். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் ஏராளமான செடிகளை வரைந்தார்கள். 1853-இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று ஓவியரின் பெயரையே சூட்டினார்!

இனி ஒரு கணக்கு. 8 மி.மீ. நீளமுள்ள நெல்மணியைப் பத்து மடங்காக்கி, 80 மி.மீ. நீளத்தில் வரைகிறீர்கள். அடியில் ‘10 மடங்கு’ என்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறீர்கள். இடம் போதாமல் அச்சகத்தார் படத்தைப் பாதியாகச் சுருக்கிவிடுகிறார்கள். வாசகர் அளந்தால் 40 மி.மீ.; பத்தால் வகுத்தால் 4 மி.மீ. நெல் பாதியாகிவிட்டதே! நீங்கள் சரியாகத்தான் வரைந்தீர்கள். ஆனாலும் உங்கள் படம் பொய் சொல்கிறது. திருத்த நீங்கள் அருகில் இல்லை.

இதற்கு எளிய வழி உண்டு. படத்தின் பக்கத்தில் 20 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, ‘2 மி.மீ.’ என்று எழுதுங்கள். படம் பாதியானால் கோடும் பாதியாகி 10 மி.மீ. ஆகும். 40 மி.மீ. நெல்லில் அக்கோடு நான்கு முறை அடங்கும். நான்கு இரண்டு எட்டு. நெல்லின் உண்மை நீளம் 8 மி.மீ.! அளவுகள் மாறின, விகிதம் மாறவில்லை. நிலப்படத்தில் அளவுக்கோடு போடுவதும் இதற்காகத்தான்.

நீங்களே செய்து பாருங்கள். வீட்டிலுள்ள ஒரு நெல்லை அளந்து, பெரிதாக்கி, கோட்டுடன் வரையுங்கள். அதைக் கைபேசியில் படமெடுத்துத் திரையில் விருப்பம்போல் பெரிதாக்கி, நண்பரிடம் கொடுத்து நெல்லின் நீளத்தைக் கேளுங்கள். அவர் சொல்லும் விடை உங்கள் அளவோடு ஒத்துப்போனால், நீங்கள் வரைந்தது வெறும் படமன்று; அது ஓர் அளவீடு.